சனிக்கிழமைக் கூலி

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு, விளைச்சலைச் சபைக்குப் படைக்கிற அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம்தான். தோட்டத்தில் காய்த்த முதல் பூசணிக்காய், முருங்கைக்காய்க் கட்டு, வாழைக்குலை, தேங்காய், சேவல், ஆட்டுக்குட்டி, வீட்டில் சுட்ட முறுக்கு வரைக்கும் பீடத்துக்கு முன்னால் வந்து நிறைந்துவிடும். ஆராதனை முடிந்ததும், கோயில் என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்தின் முற்றத்து வேப்பமரத்தடியில் ஏலம் தொடங்கும். பத்து ரூபாய் பெறாத எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போகும். பணம் சபைக்குப் போகிறது என்பதால் யாரும் விலை பார்ப்பதில்லை. எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்வார்கள்.

2009-ம் வருஷ ஏலத்தில் நான் ஒரு ஏத்தன் வாழைக்குலையை 4,200 ரூபாய்க்கு எடுத்தேன். என் பெயரையும் சொன்னார்கள். குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பூட்டியிருந்த கடையின் நடையில் எங்கள் கடையில் மூட்டை தூக்கும் தம்பி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சாயந்திரம் அவர் வாரக்கூலி கேட்டார். 900 ரூபாய். "கணக்கு இன்னும் முடியலப்பா, திங்கக்கிழமை காலைல வாங்கிக்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கல்லாவில் பணம் இருந்தது. காலையில் ஏலத்துக்கு வேண்டுமே என்று எடுத்து வைத்திருந்தேன்.

அவர் குலையைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, சின்னதுக்கு ராத்திரிலேர்ந்து காய்ச்சலா கெடக்கு. உடன்குடிக்குத் தூக்கிட்டுப் போகணும். ஒரு முந்நூறு மட்டும் தாங்க, மிச்சத்த திங்கக்கிழமை வாங்கிக்கிடுதேன்."

குலையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டுக் கடையைத் திறந்து, 900 ரூபாயையும் எண்ணிக் கொடுத்தேன். "வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஓட்டமாய்ப் போனார். ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து பாய் விரிக்கும்போது என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "அவரு காசுலதான் அந்தக் குலைய எடுத்தீங்களா?"

நான் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். "கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்பது லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியும். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வருவதும் தெரியும். இரண்டையும் வயல் வைத்திருக்கிற பெரிய பண்ணையார்களுக்குச் சொன்னதாகவே நினைத்திருந்தேன். அது என் கடைக் கல்லாவைப் பற்றி எழுதியது என்று அந்த ராத்திரிதான் விளங்கியது.

தூத்துக்குடி மாவட்டத்தில் மெய்ஞானபுரத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில் நான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடையைத் தொடங்கியவர் அப்பா. தாத்தா பனையேறி. பனை உச்சியில் நின்றால் மெய்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும் என்றும், அதைப் பார்த்து ஒரு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் பாளை சீவுவேன் என்றும் தாத்தா சொல்வார். கோயில், ஞானப்பாட்டு, கன்வென்ஷன், அசனம் என்கிற சபை விருந்து எல்லாவற்றோடும் வளர்ந்தவன் நான். இன்றைக்கும் அவற்றை நேசிக்கிறேன். அவற்றைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பீடத்துக்கு முன்னால் நான் சொன்னது திங்கட்கிழமை கடைக்குள் வர எத்தனை வருஷம் ஆனது, எப்படி வந்தது, எங்கே இன்னும் வரவில்லை என்பதை எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்களுக்கும், நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்கும் ஏதாவது உதவலாம்.

முதலில் கூலி. சனிக்கிழமை கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் எடுப்பது சுலபம். கடை நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும், சனிக்கிழமை சாயந்திரம் கல்லாவில் பணம் இருக்காது. மொத்த வியாபாரி ஆள் அனுப்பியிருப்பார், எண்ணெய்க்காரர் வந்து நிற்பார். அதனால் தீர்மானத்தை விட்டுவிட்டு ஒரு தகர டப்பா வைத்தேன். தினமும் ராத்திரி கல்லா எண்ணும்போது முதல் வேலையாக அன்றைய கூலியை எடுத்து அதில் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் அன்றைய வசூல். டப்பாவில் இருப்பது என் பணம் இல்லை, ஏற்கெனவே அவர்கள் உழைத்து முடித்த பணம், என் வீட்டில் ராத்தங்குகிறது, அவ்வளவுதான். சனிக்கிழமை நாலு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால், பெயர் எழுதிய கவரில் கொடுத்துவிடுகிறேன். யாரும் வந்து கேட்கக் கூடாது. கேட்க வைப்பதே பாதிக் கூலியைப் பிடித்து வைத்ததுபோல என்று எனக்குத் தோன்றும்.

இப்போது போனிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் எங்கள் கடையில் பருப்பு புடைக்க வரும் அக்கா ஒருத்தி, "தம்பி, எனக்குக் கையில தந்துருங்க" என்றாள். போன் மகனிடம் இருக்கிறது. அதில் விழுகிற பணம் வீட்டுக்கு வருவதில்லை. கூலி கொடுப்பது என்றால் அது உரியவர் கையில் போய்ச் சேருகிறதா என்பது வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லாவுக்கு மேலே "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற வசனப் பலகை அப்பா காலத்திலிருந்து தொங்குகிறது. ஒருநாள் உடன்குடியிலிருந்து வந்த வயதான பாய் ஒருவர் உளுந்து வாங்கிக்கொண்டிருந்தார். முதல்தடவை வருகிறவர். "இந்தப் பக்கம் எப்பவாவதுதான் வருவேன். வெளிய இருந்து போர்டைப் பாத்தேன், எடை சரியா இருக்கும்னு உள்ள வந்தேன்" என்றார். அவர் மனதாரச் சொன்னார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம், எடை முழுக்கச் சரியாக இல்லை. தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிற வேலையெல்லாம் எங்கள் கடையில் நடந்ததில்லை. ஆனால் கெட்டியான காகிதப் பையைச் சாமானோடு சேர்த்துத்தான் நிறுப்போம். எல்லாக் கடையிலும் நடப்பதுதான். மின்னணுத் தராசு வந்த பிறகு அது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது: காலிப் பையை மட்டும் வைத்துப் பார்த்தேன், 15 கிராம் காட்டியது. கால்கிலோ மிளகாய் வாங்குகிறவருக்கு 15 கிராம் காகிதம். நாளைக்கு நூறு பொட்டலம் என்றால் ஒன்றரைக் கிலோ காகிதத்தை மிளகாய் விலைக்கும் பருப்பு விலைக்கும் விற்றிருக்கிறேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழியை அதற்கு முன்னால் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! தராசு கள்ளமில்லை, நிறுக்கிற கைதான் என்று தெரிந்தபோது என்னைத் தேற்றிக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து பையை முதலில் வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சாமான் போடுவது. ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை. தராசின் முகத்தை வாங்குகிறவர் பக்கம் திருப்பி வைத்தேன். தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறிக் காற்றில் எண் ஆடுவதைப் பார்த்து, தராசை அங்கிருந்து நகர்த்தினேன். வருஷத்துக்கொரு தடவை தொழிலாளர் துறையில் முத்திரை வைக்க வேண்டும். முன்பெல்லாம் ஆள் வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தடிப்பேன். இப்போது தேதி வருவதற்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

கருப்பட்டி விஷயம் இதைவிடப் பெரிய சோதனை. எங்கள் பக்கத்துப் பிழைப்பே அதில்தான் இருந்தது. மாசி பங்குனியில் பாளை விட ஆரம்பித்தால் பனையேறி விடியற்காலையும் சாயந்திரமும் ஏற வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைத்தால்தான் இறங்குவது பதநீர், இல்லாவிட்டால் கள். எட்டு பத்து லிட்டர் பதநீரைத் தாச்சியில் ஊற்றி, பனைமட்டையும் ஓலையும் வைத்து எரித்துக் காய்ச்சினால், பொங்கி வழியாமல் இருக்க இடித்த ஆமணக்கு விதையைப் போட்டுக் கிண்டினால், ஒரு கிலோ கருப்பட்டி தேறும். சிரட்டையில் ஊற்றி ஆற வைப்பார்கள். இத்தனைக்கும் கூலி போட்டால் விலை எங்கே நிற்கும்? அதே தாச்சியில் வெள்ளைச் சீனியைக் கொட்டினால் பாதி விலைக்கு மேனி பளபளவென்று சரக்கு வந்துவிடும். ஒரு வியாபாரி எனக்கு அப்படித்தான் தந்தார். நான் அதைக் கருப்பட்டி என்றே விற்றேன். "நான் கலக்கவில்லையே, வந்ததை விற்கிறேன்" என்று மனதுக்குள் ஒரு பதில் தயாராக இருந்தது.

அந்தப் பதிலை உடைத்தது ஒரு பாட்டி. மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்று வந்தாள். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். "ஏய்யா, இதுல கரிப்பே இல்லையே. எம் மவ பச்ச உடம்புக்காரி. நல்லதா ஒண்ணு தர மாட்டியா?" என்றாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அவள் கெஞ்சினாள். பணம் கொடுத்து வாங்குகிறவள், நல்லதைக் கொடு என்று என்னிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்த வாரமே இரண்டு ஓலைப்பெட்டி வைத்தேன். ஒன்றில் "சீனி கலந்தது", இன்னொன்றில் "கலக்காதது" என்று எழுதி, இரண்டு விலையும் போட்டேன். கலக்காததை எனக்குத் தெரிந்த இரண்டு பனையேறிக் குடும்பங்களிடம் அவர்கள் சொன்ன விலைக்கே எடுத்தேன். முதல் இரண்டு சீசனும் நஷ்டம்தான். பக்கத்துக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது யார் வருவார்கள்? அந்த நஷ்டத்தை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நேர்மையாக இருந்தால் கர்த்தர் வியாபாரத்தைப் பெருக்குவார் என்று சாட்சி சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி நடக்கவில்லை. மூன்றாம் வருஷம் நஷ்டம் நின்றது, அவ்வளவுதான். கலந்த சரக்கு வைப்பதையே பிறகு விட்டுவிட்டேன். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, எனக்குச் சரக்கு தரும் பனையேறி அண்ணன் அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்துக் கொண்டுவந்து காட்டினார். அவர் கை முழுக்கப் பனஞ்சிராய் கீறிய தழும்பு.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உடைத்துப் பாருங்கள், உள்ளே சீனிபோல மினுங்கினால் சந்தேகப்படுங்கள். நல்ல கருப்பட்டி மங்கலாகத்தான் இருக்கும், தண்ணீரில் நிதானமாகக் கரையும், நாக்கில் இனிப்போடு ஒரு கரிப்பு தங்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் "கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது" என்று கேட்டு வருவார்கள். டாக்டரிடம் கேட்காமல் சாப்பிடாதீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

அடுத்துச் சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்றதை எழுதினால் பொய்யாகிவிடும்.

அப்பா காலத்தில் காலனியிலிருந்து வருகிறவர்களுக்கு மிச்சச் சில்லறையைக் கையில் கொடுப்பதில்லை. பலகைமேல் வைப்பார். அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களும் காசைப் பலகைமேல்தான் வைப்பார்கள். யாரும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை. பார்த்தே பழகிவிட்டேன். கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து என் கையும் அப்படியே செய்தது.

ஒரு திங்கட்கிழமை பத்து வயதுச் சிறுமி தேங்காய் எண்ணெய் வாங்க வந்தாள். இருபது ரூபாய் தந்தாள். மிச்சம் ஆறு ரூபாய்க்கு உள்ளங்கையை நீட்டினாள். நான் வழக்கம்போலப் பலகையில் வைத்தேன். நீட்டின கை அப்படியே ஒரு கணம் நின்றது. பிறகு மடங்கியது. ஒற்றை ரூபாய் நாணயம் ஒன்று பலகையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. நகத்தால் கிளப்பிக் கிளப்பி எடுத்தாள். தலை நிமிரவில்லை.

அந்தப் பிள்ளைக்கு முந்தின நாள்தான் ஞாயிறு பள்ளி ஆண்டுவிழாவில் நான் பரிசு கொடுத்திருந்தேன். மேடையில் கை குலுக்கி, தலையில் கைவைத்து, "நல்லா வரணும்மா" என்று சொல்லி. அதனால்தான் அவள் கையை நீட்டினாள்.

அவளுடைய அப்பாவும் நானும் ஒரே பாத்திரத்தில் நற்கருணைத் திராட்சரசம் எடுக்கிறவர்கள். ஐயர், அதாவது எங்கள் சபைக் குருவானவர், பாத்திரத்தை அவர் உதட்டில் வைத்துத் துடைத்து, அடுத்து என் உதட்டில் வைக்கிறார். இருபது வருஷமாக வாங்கியிருக்கிறேன். அந்தப் பாத்திரம் சொன்னதைத்தான் வாரம் ஆறு நாளும் கடைப் பலகையில் நான் மறுத்துக்கொண்டிருந்தேன். சடங்கு வேண்டாம், செயல் போதும் என்று சிலர் சொல்லும்போது எனக்கு இந்தப் பாத்திரம்தான் நினைவுக்கு வரும். சடங்கு தெளிவாகத்தான் பேசியது. எனக்குத்தான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் கையில் எண்ணித்தான் கொடுத்தேன். கடைப் பையன்களுக்கும் அதுவே சட்டம். முதல் வாரம் என் கை தானாகப் பலகைக்குப் போகும், நிறுத்தித் திருப்புவேன். பெரியவர்கள் சிலர் கூசிப்போய், "வைங்கய்யா, எடுத்துக்கிடுதோம்" என்றார்கள். அதைக் கேட்கும்போதுதான் நாங்கள் எத்தனை தலைமுறையாக என்ன செய்துவைத்திருக்கிறோம் என்று உறைத்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் ஏதோ பேசினார், வருவதையும் நிறுத்திக்கொண்டார். அந்தச் சிறுமி இப்போது நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவளுக்குப் பதினெட்டு வயதானபோது. "எனக்கு ஞாபகம் இருக்கு அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

கடன் நோட்டுக்கு வருகிறேன். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று பரமண்டல ஜெபத்தில் சொல்கிறோம். மற்றவர்களுக்கு அது பாவத்தைக் குறிக்கிற வார்த்தை. பலசரக்குக் கடைக்காரனுக்கு அது கண்முன்னால் கயிறு கட்டித் தொங்குகிற நோட்டு.

பனையிலிருந்து விழுந்து இறந்துபோன ஒருவருடைய பக்கத்தில் 6,340 ரூபாய் நின்றது. அவர் மனைவி அடக்கத்துக்குப் பிறகு எங்கள் தெருவழியாக வருவதையே விட்டுவிட்டாள். ரேஷன் கடையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் உடைமுள் கிடக்கிற பாதையில் சுற்றிப் போவாள். கேட்டுவிடுவேனோ என்ற பயம். நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. ஆனால் கேட்காமல் இருப்பது மன்னிப்பது ஆகாது என்று அவள் நடையைப் பார்த்தபோது தெரிந்தது.

என் முதல் முயற்சி தப்பாகப் போனது. கடைப் பையனிடம், "கடனத் தள்ளியாச்சு, பயப்படாம கடைக்கு வரச் சொன்னாங்கன்னு சொல்லு" என்று அனுப்பினேன். அவன் அதைத் தெருக்குழாயில் நாலு பேர் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லிவிட்டான். "நான் பிச்சையெடுக்க வந்தேன்னு உங்க அண்ணாச்சிகிட்டச் சொன்னேனா?" என்று அவள் கேட்டது சரியான கேள்வி.

பிறகு என் மனைவி ஒரு மத்தியானம் தனியாகப் போனாள். கடன் பேச்சை எடுக்காமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "அது அண்ணன் பேருல உள்ள பக்கம் மைனி, அவர் போனதோட அந்தப் பக்கத்த நாங்க மூடியாச்சு. உங்க பேருல ஒண்ணும் இல்ல" என்றாள். கருப்பட்டி வைக்க எங்களுக்கு ஓலைப்பெட்டி வேண்டும், நீங்கள் முடைந்து தாருங்கள், சந்தை விலை என்றும் கேட்டாள். பெட்டிக்கான காசைக் கடனில் கழிக்கவில்லை, அன்றன்றைக்குக் கொடுத்தோம். இரண்டு வருஷம் கழித்து அவளே கடைக்கு வந்து பலகைமேல் ஆயிரம் ரூபாய் வைத்தாள். "அவுக கடன்" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றிருந்தால் அவள் நிமிர்வை நான் பறித்ததுபோல ஆகியிருக்கும். நோட்டை எடுத்து, மூடின பக்கத்தைத் திறந்து, வரவு 1,000 என்று அவள் கண்முன்னால் எழுதினேன்.

இதிலிருந்து சில பழக்கங்கள் வந்தன. யாருடைய பாக்கியையும் இன்னொருவர் காதில் விழும்படி சொல்வதில்லை. பிள்ளைகளிடம் "அப்பாட்ட பாக்கியச் சொல்லு" என்று சொல்லி அனுப்புவதே இல்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் பற்று என்று ஒரு எல்லை வைத்திருக்கிறேன். அது அவர்கள் கழுத்தளவு முங்காமல் இருப்பதற்காகவும்தான். டிசம்பர் 31 ராத்திரி, வருஷப்பிறப்பு ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்னால், நானும் மனைவியும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவோம். பக்கம் பக்கமாகப் புரட்டி, இந்த வீட்டில் நோய், இந்த வீட்டில் சாவு, இவர் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர் என்று பேசி, எதை மூடுவது என்று முடிவெடுப்போம். மூடின பக்கத்தின் தொகை எங்கள் வீட்டுச் செலவில் இருந்துதான் போக வேண்டும். கடையாட்கள் கூலியில் இருந்தோ சரக்கின் தரத்தில் இருந்தோ போகக் கூடாது. என்னை ஏமாற்றினவர்களும் உண்டு. இரண்டு பேர் வசதியாக இருந்துகொண்டே கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பற்றை நிறுத்திவிட்டேன். கோபத்தை நிறுத்த அதிக நாள் ஆனது.

நாங்கள் கண்டுபிடித்த புது வழி எதுவும் இல்லை இது. எங்கள் முன்னோருக்குச் சுவிசேஷம் முதலில் வந்ததே இந்த உருவத்தில்தான். கிறிஸ்தவர்களானதற்காக விரட்டப்பட்டவர்கள் குடியிருக்க 1799-ல் நிலம் வாங்கி எழுப்பின ஊர்தான் முதலூர். முதல் ஊர் என்பதால் அந்தப் பெயர். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டின கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள், அவர் மனைவி எலிசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கையில் சொந்தக் காசு வர வழி செய்ததையும் கேட்டுவிட்டு வர வேண்டும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளுக்காக நடத்தின டோனாவூர் இல்லம் 1901-ல் அடைக்கலம் தேடி ஓடிவந்த ஒரே ஒரு சிறுமியில் தொடங்கியது. என் ஆச்சி எழுதப் படிக்கத் தெரியாதவள். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவாள், சபைக்கான பிடியரிசி. வீட்டில் கஞ்சிக்கே இல்லாத பஞ்ச காலத்திலும் போட்டாள் என்று அப்பா சொல்வார்.

2021-ல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் கடையில் ஸ்டூல் வந்தது. அதுவரை பில் போடுகிற பெண் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை நின்றாள். நான் மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். தவக்காலமான லெந்து நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்பேன், பசியில் அவள்மேல் எரிந்து விழுவேன். உபவாச நாளில் வேலைக்காரரை ஒடுக்குவதைக் கண்டிக்கிற ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் இதைத்தான் சொல்கிறது. நான் சட்டத்துக்காகப் போட்டேன். அன்பினால் முன்பே போட்டிருக்க வேண்டும். இப்போது லெந்து நாட்களில் சாப்பாட்டோடு சேர்த்துச் சத்தம் போடுவதையும் விடுகிறேன். சில நாள் முடிகிறது.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினையில் எனக்கும் அண்ணனுக்கும் கிணற்றடி நிலத்தில் மனஸ்தாபம். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்துக்கு முன்பாக வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அங்கே குறை அவனுக்கு உன்பேரில் என்றிருக்கிறது. யார்பேரில் நியாயம் என்ற கேள்வியே அதில் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நற்கருணை ஞாயிறு, ஆராதனைக்குப் போகாமல் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். மைனி கதவைத் திறந்தாள். அண்ணன் உள்ளிருந்து வரவில்லை. அரைமணி நேரம் திண்ணையில் இருந்துவிட்டுத் திரும்பினேன். கிணற்றடியில் எனக்கு வந்த மூன்று சென்ட்டையும் அவன் பெயருக்கே எழுதிக் கொடுக்கத் தயார் என்று சபை ஊழியரிடம் சொல்லியனுப்பினேன். பதில் இல்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கலக்காத கருப்பட்டியும், அவனுக்குச் சின்ன வயதில் உயிரான முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு பொட்டலமும் வைத்து அனுப்புகிறேன். முதல் இரண்டு வருஷமும் சாயந்திரத்துக்குள் கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தது. போன கிறிஸ்துமஸுக்கும் அனுப்பினேன். ராத்திரி கடை அடைக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி வரவில்லை. காலையில் கடையைத் திறக்கும்போது அண்ணன் பேரன் நடையில் நின்றான். வெறும் ஓலைப்பெட்டியை நீட்டி, "தாத்தா பெட்டியக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றான். அதன் அடியில் நாலு கொய்யாப்பழம் இருந்தது. எங்கள் கிணற்றடி மரத்துப் பழம்.